எங்கள் தெரு உற்சவர்

எங்கள் தெருவில் ஒருவனை உற்சவர் என்று சொன்னால் அவன் வீட்டுப் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. சாமி பேர்தானே, அதற்கு ஏன் இத்தனை கோபம் என்பார்கள்.

கோயிலில் மூலவர் உள்ளே இருக்கிறார். நின்ற இடத்தை விட்டு அசையாமல், ஊரார் வந்து கொட்டும் குறைகளை எல்லாம் அவர்தான் கேட்டுக்கொள்கிறார். உற்சவர் சங்கதி வேறு. அவருக்குப் பட்டு கட்டுவார்கள், நகை பூட்டுவார்கள், மேலே குடை பிடிப்பார்கள். ஆட்கள் வேர்வை ஊற்ற ஊற்றத் தோளில் சுமப்பார்கள். நாலு வீதியும் சுற்றி, நிறுத்திய இடத்தில் எல்லாம் நின்று, படைத்ததை ஏற்றுக்கொண்டு, மறுபடி உள்ளே போய்விடுவார். கால் தரையில் படாது. சாமி அப்படி வந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது, கையெடுத்துக் கும்பிடுகிறோம். முதலாளி வீட்டுப் பையன் அப்படி வந்தால் என்ன செய்வது? பேர் வைக்கத்தான் முடியும்.

வைத்தவள் நான். மூன்றாம் வகுப்பு வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். இறங்கி வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. அப்படிப்பட்ட நான் வைத்த பேர் ஊரெல்லாம் போயிற்று. அரிசி மில்காரரின் பையன் மில்லுக்குள் காலே வைக்காதவன், அவன் மில் உற்சவர். வக்கீல் மகன் எழுதிய பரீட்சையையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான், அவன் கோர்ட்டு உற்சவர். அப்பன்மார்களுக்கு மூலவர் என்று பேர் தானாகவே வந்துவிட்டது. ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னால் ஒருவர் இருந்தார். அவருக்காகத்தான் அந்தப் பேரே பிறந்தது.

அவர் எங்கள் முதலாளியின் ஒரே மகன். முதலாளி சின்ன வயதில் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்து மேலே வந்த மனிதர். எங்கள் தெருவில் பாதி வீடு அவருக்குத்தான் நெய்தது. பட்டும் ஜரிகையும் அவர் கொடுப்பார், சேலையை நெய்து நாங்கள் கொடுப்போம். மகனை மட்டும் தறிப்பக்கமே விடவில்லை. கைக்குக் காய்ப்பு வந்துவிடுமாம். மெட்ராஸில் காலேஜில் சேர்த்தார். ஒரு வருஷத்தில் பையன் திரும்பி வந்தான். கூடவே கறுப்புக் கண்ணாடி ஒன்றும், தெருவைப் பெருக்கிக்கொண்டு போகும் கால்சட்டை இரண்டும் வந்தன. டைப் அடிக்கக் கற்றுக்கொள்ளப் போனான், விரல் வலிக்கிறது என்று நின்றுவிட்டான். கடையில் மெத்தை மேல் உட்காரவைத்தார்கள், அங்கேயே சாய்ந்து தூங்கினான். கடைசியில், தறி வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அப்பா ஒரு மோட்டார் பைக் வாங்கிக் கொடுத்தார். பையன் சுற்றினான். தறி வீடுகளைத் தவிர மற்ற இடத்தை எல்லாம் சுற்றினான்.

எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவர் பணம், அவர் மகன். வம்பு எங்கள் பாவு மேல் ஏறி வந்தது.

பாவு என்றால் சேலைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை விடியற்காலையில் தெருவில் நீட்டுவோம். இந்த முனையிலும் அந்த முனையிலும் கட்டை அடித்து விறைப்பாக இழுத்துக் கட்டி, நடுவில் கவைக் குச்சிகளை நிறுத்தி, ஒட்டின இழையைப் பிரித்து, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விடுவோம். அந்த நேரத்தில் தெரு பாவுக்குத்தான் சொந்தம். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கிச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போவார். மாட்டு வண்டிக்காரர் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப் போவார். எங்கள் தெரு நாய்கூட ஓரமாகத்தான் போகும்.

அன்றைக்கு அந்த முனையில் என் வீட்டுக்காரர் கட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். இந்த முனையில் நானும் என் மாமியாரும் இழை பார்த்துக்கொண்டிருந்தோம். அரக்குப் பாவு, மாம்பழக் கரை, கல்யாணச் சேலைக்கு. மூலையில் ஹாரன் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், ராத்திரி முழுக்க ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பும் கறுப்புக் கண்ணாடி வருகிறது. கையைக் காட்டினேன். மறுபடி ஹாரன். இரண்டு கையையும் காட்டினேன். அவன் வந்தேவிட்டான்.

பட்டு அறுகிற சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மழை கூரையில் விழ ஆரம்பிப்பது போல ஒரு சரசரப்பு. முன்சக்கரத்தில் பட்டு, கைப்பிடியில் ஜரிகை, நடுவில் அவன், எல்லாம் சேர்ந்து சாய்ந்தது. என் மாமியார் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். அவன் எழுந்து முதலில் கால்சட்டை கிழிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அவன் சொன்ன கதை இது: "அந்தப் பொம்பள பாவு முனைய விட்டுட்டாப்பா. அது வந்து என் மேல வுழுந்துச்சு. நல்ல வேள, அடி படல."

முதலாளி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். "முனையப் புடிக்கத் தெரியாதவ இருக்கிற வூட்டுக்கு நான் எப்பிடிப்பா பாவு குடுக்கறது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். "எம் புள்ள பொய் சொல்றான்றியா?" என்றார் முதலாளி. அதற்கு மேல் பேச்சு இல்லை, பாவும் இல்லை.

தெருவே பார்த்ததுதான். ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் அதே முதலாளிக்கு நெய்கிறவர்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவரவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். வேறு முதலாளிகளிடமும் போய்க் கேட்டோம். பாவு அறுத்த வீடு என்ற பேர் எங்களுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் தன் சித்தப்பா மகனின் தறிக்குக் கூலிக்குப் போனார். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்யும் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் நடுவில் உட்காருவார். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளிக்கொடுப்பான். அந்தப் பையன் இடத்தில் போய் உட்கார்ந்தார், மயில் முந்தி நெய்கிற மனிதர். பையன்கள் உட்காரும் இடம் என்பதால் அவர் முழங்கால் கட்டையில் இடிக்கும். வீட்டுக்கு வந்து முழங்காலை மட்டும் தேய்த்துக்கொண்டிருப்பார். அவர் தேய்க்கத் தேய்க்க எனக்கு எரிந்தது. முதலாளி மகன் வாயாலேயே உண்மை வர வேண்டும், எங்கள் தறிக்குப் பாவு வர வேண்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். கையில் வேறு ஆயுதம் இல்லை, வாய்தான் இருந்தது.

வைகாசித் திருவிழாவில் மூலையில் நின்று சாமி பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அவனும் பைக் மேல் சாய்ந்து நின்றிருந்தான். ஒரு கூலியாள் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார், இன்னொருவர் அவன் செருப்பைக் கையில் வைத்திருந்தார். நான் பக்கத்து வீட்டு அக்காவின் இடுப்பைக் கிள்ளினேன்.

"அக்கா, இன்னிக்கு ரெண்டு உற்சவர் வந்துக்கினு இருக்குது பாரு."

அக்கா அந்தப் பக்கம் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிய இழுக்காதடி, பாவம்டி."

"சாமிய நான் இன்னா சொன்னன் அத்த? சாமி திருவிழாவுக்குத்தான் தோள் மேல ஏறும். இது எறங்கவே மாட்டேங்குதே, அதத்தான் சொல்றன்."

மறுநாள் குழாயடியில் அந்தப் பேர் இருந்தது. அடுத்த வாரம் சாயப் பட்டறையில் இருந்தது. அவன் பைக் சத்தம் கேட்டால் தறிக்குள்ளிருந்து ஒரு குரல், "குட புடிங்கப்பா, உற்சவர் பொறப்பாடு" என்னும். வாயைத் திறக்கப் பயந்தவர்கள் எல்லாருக்கும் இது வசதியாகப் போயிற்று. சாமி பேரைச் சொல்கிறவனை எந்த முதலாளி என்ன கேட்க முடியும்? எனக்குக் கொஞ்சம் ஆறியது. ஆனால் பேர் வைத்தால் தறிக்குப் பாவு வருமா? தறி சும்மாவேதான் கிடந்தது.

ஆவணி பிறந்ததும் அவனுக்கு ஆரணியில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தாத்தாவும் எங்கள் ஆள்தான், தறியில் இருந்து கடைக்கு ஏறிய குடும்பம். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவர்களுக்கு நெய்கிற வீடுகளில் போய் விசாரிப்பார்கள். சொந்தக்காரர்கள் மூடி மறைப்பதைத் தறிக்காரர்கள் மறைக்க மாட்டார்கள் என்று நம்பிக்கை.

இது முதலாளியம்மாவுக்கும் தெரியும். ஆரணிக்காரர்கள் வருவதற்கு முதல் நாள் மதியம் வீடு வீடாகப் போனார். கடைசியாக என் வீட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, நல்லா இருக்கியாம்மா?"

அதுவரை நான் அவருக்கு 'ஏண்டி'. அன்றைக்கு 'அம்மா' ஆகிவிட்டேன்.

"இருக்கறம்மா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "நாளைக்கு ஆரணில இருந்து வராங்க. நீ வெச்ச பேரு எனக்குத் தெரியும்மா. எல்லாம் தெரியும். அதெல்லாம் அவங்க காதுல போடாத."

"எல்லாம் தெரியும்னா, பாவு எப்பிடி அறுந்துச்சுன்னும் தெரியுமாம்மா?"

அவர் வாசலைப் பார்த்தார். "தெரியும். வண்டிய எடுத்துக்கினு வந்த அன்னிக்கே சக்கரத்துல இருந்து பட்ட நான்தான் பிரிச்சன்."

"அத முதலாளிகிட்ட சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"கல்யாணம் முடியட்டும்மா. அப்பறம் பக்குவமா சொல்றன், பாவு வாங்கித் தரன். இப்ப நீ எனக்கு சத்தியம் பண்ணு. எம் புள்ளயப் பத்திக் கெட்டதா ஒரு வார்த்த சொல்லக் கூடாது. அந்தப் பேரையும் சொல்லக் கூடாது."

காமாட்சியம்மன் கோயில் குங்குமத்தை நீட்டினார். தொட்டுச் சத்தியம் செய்தேன். என் மாமியார் உள்ளிருந்து தலையில் அடித்துக்கொண்டார். கல்யாணம் முடிந்து பக்குவம் வருவதற்குள் என் வீட்டுக்காரரின் முழங்கால் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அம்மன் குங்குமத்தைத் தொட்டுவிட்டேன், அதை மீறுவதாக இல்லை. மீறாமல் என்ன செய்யலாம் என்று அன்று ராத்திரி முழுக்க யோசிக்கவில்லை, படுத்ததும் தோன்றிவிட்டது. நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பெண்ணின் தாத்தாவான ஆரணிப் பெரியவரும், பெண்ணின் அம்மாவான அவர் மருமகளும் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நான் பாயை எடுத்து, தறிக்கு நேர் எதிரில், அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத மாதிரி விரித்துப்போட்டேன். காப்பி கொடுத்தேன்.

மருமகள்தான் கேட்க ஆரம்பித்தாள். "பையன் எப்பிடிங்க?"

"சொக்கத் தங்கம்மா."

"படிப்பெல்லாம்?"

"மெட்ராஸ் காலேஜ ஒரே வருசத்துல முடிச்சிக்கினு வந்துட்டாரு. மத்த பசங்க மாதிரி மூணு வருசம் இழுத்துக்கினு இருக்கல. அம்புட்டு வேகம்."

"குடி, கிடி?"

"சிவ சிவா. காப்பியே யாராச்சும் ஆத்திக் குடுத்தாத்தாம்மா குடிப்பாரு."

"சண்ட சச்சரவு?"

"காலைல பத்து மணி வரிக்கும் அவரு வூட்ல இருக்கிறதே தெரியாது. அத்தன அமைதி."

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. விடாமல் இருமினாள்.

"பொறுப்பா இருப்பாரா?"

"அவரு அப்பா, அம்மா, கடை ஆளுங்க, எல்லாருமே அவருக்காகப் பொறுப்பா இருக்காங்கம்மா. எத்தினி பேருக்கு அந்தக் குடுப்பின இருக்குது?"

மருமகளுக்குச் சந்தோஷம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பெரியவர் காப்பியைக் குடிக்கவில்லை. தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழியில் எங்கள் பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. ஆவணி முகூர்த்த நேரத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்குழியில் பூனை குட்டி போட்டிருந்தால், அதைப் பார்க்கிற தறிக்காரனுக்கு அதற்கு மேல் காப்பி இறங்காது.

"ஏம்மா," என்றார். "தறி ஏன் சும்மா இருக்குது?"

"நான் சத்தியம் பண்ணியிருக்கன்யா. அதப் பத்திப் பேசக் கூடாது."

"யாருகிட்ட சத்தியம்?"

"மாப்பிள்ளயோட அம்மாகிட்ட."

"இன்னான்னு?"

"மாப்பிள்ளயப் பத்திக் கெட்டதா ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னு."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நான் தறியப் பத்தித்தானேம்மா கேட்டன்?"

"நானும் அதுக்குத்தான்யா பதில் சொன்னன்."

அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். குழிப்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். அன்றைக்குத் தெருவில் அறுந்து, தறி மேல் போட்டு வைத்திருந்த பாவின் நுனிகளை விரலில் எடுத்துப் பார்த்தார். சில நுனியில் கறுப்பாக வண்டி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "வரம்மா," என்று கிளம்பினார்.

அவர் போன பிறகு முதலாளி வீட்டில் நடந்ததை அங்கே சமைக்கிற அம்மா குழாயடியில் சொன்னாள். இலை போட்டுத் தயாராக இருந்ததாம். பெரியவர் உட்காராமல், கூடத்தில் நின்றபடியே பையனைக் கேட்டிருக்கிறார்.

"தம்பி, காலைல தெருவுல பாவு நீட்டியிருந்தா, நீ வண்டிய எப்பிடி ஓட்டுவ?"

பையன் யோசிக்கவே இல்லையாம். "ஹாரன் அடிப்பன் தாத்தா."

"அடிச்சா?"

"எடுத்துக்கப் போறாங்க. தூக்கிப் புடிச்சாக்கூட அடியில பூந்து போயிடலாம். அன்னிக்கு எத்தினி வாட்டி அடிச்சன், அந்தப் பொம்பள தூக்கவே இல்லியே. கைய ஆட்டிக்கினு நிக்கிறா."

கட்டி இழுத்த பாவைத் தூக்க முடியாது. தூக்கினால் இழை ஒன்றோடு ஒன்று பின்னிப் போகும். எங்கள் தெருவில் நடை பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும், விழுந்தால்கூட அந்தப் பக்கம் விழாது. முதலாளி குழித்தறியில் இருந்து எழுந்து வந்தவர் என்று சொன்னேன். முனையை விட்டுவிட்டாள் என்று சொன்ன மகன், கையை ஆட்டிக்கொண்டு நின்றாள் என்கிறான். அவர் மகனைப் பார்த்தாராம். முதலாளியம்மாவைப் பார்த்தாராம். முதலாளியம்மா சமையலறைக்குள் போய்விட்டார்.

ஆரணிக்காரர்கள் கை நனைக்காமல் பஸ் ஏறிப் போனார்கள்.

முதலாளியம்மா அன்று சாயந்திரம் வந்து வாசலில் நின்றார். "சத்தியம் பண்ணியேடி," என்றார். மறுபடி 'டி' ஆகிவிட்டேன்.

"ஒரு வார்த்த கெட்டதா சொல்லியிருந்தா அம்மன் என் நாக்க எடுக்கட்டும். வேணும்னா ஆரணிக்கே போயிக் கேளுங்கம்மா. நான் சொன்னதெல்லாம் பாராட்டு."

அவர் முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் வயிறு குளிர்ந்தது. பொய்யாக வருத்தப்பட்டதாகச் சொல்ல எனக்கு இஷ்டம் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அக்கா ஓடி வந்து சொன்னாள். "வெளிய வா, வெளிய வா. உற்சவர் நடந்து வராரு."

நடந்துதான் வந்தான். பைக் இல்லை, கண்ணாடி இல்லை. தோளில் புதுப் பாவு, சுருட்டிக் கட்டினது. முதலாளி ஆளிடம் கொடுத்து அனுப்பாமல் அவன் தோளிலேயே ஏற்றி அனுப்பியிருக்கிறார். பட்டு பார்க்க மெத்தென்று இருக்கும், தூக்கினால் கனம் தெரியும். வீட்டுக்கு வீடு தறி நின்றது. எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் வாசற்படியில் நின்றுகொண்டேன், வழி விடவில்லை.

"இந்தாங்க," என்றான்.

"இன்னாபா இது?"

"பாவு. அப்பா குடுக்கச் சொன்னாரு."

"எங்களுக்கு எதுக்குப்பா? முனையப் புடிக்கத் தெரியாத வூடாச்சே."

கழுத்தில் வேர்வை ஓடியது. தோளை மாற்றப் பார்த்தான், முடியவில்லை. "அன்னிக்கு அறுத்தது நான்தான்," என்று முணுமுணுத்தான்.

"எனக்குக் கேட்டுச்சு. கடைசி வூட்டு ஆயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவங்க பாவம், காலையில இருந்து காத்துக்கினு இருக்காங்க."

"நான்தான் அறுத்தன்."

"இன்னும் கொஞ்சம், தம்பி."

"பாவ அறுத்தது நான்தான்," என்று கத்தினான். கடைசி வீட்டு ஆயா கையைத் தூக்கிக் காட்டினார், கேட்டது என்று. தெருவே சிரித்தது. முதலாளிக்கு நெய்கிறவர்கள்தான் அத்தனை பேரும்.

நான் இன்னும் ஒரு தடவை கேட்டிருப்பேன். அதற்குள் என் வீட்டுக்காரர் பின்னால் வந்து என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவன் தோளில் இருந்து பாவைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "போதும்," என்றார் என்னிடம். அவனிடம், "தம்பி, வேர்த்துப் போச்சு பாரு, உள்ள வந்து மோர் குடிச்சிட்டுப் போ," என்றார். அவர் அப்படிப்பட்ட மனிதர். அவரோடு குடும்பம் நடத்துவது அத்தனை சுலபம் இல்லை.

உள்ளே இரண்டு சட்டியில் மோர் இருந்தது. காலையில் கடைந்தது ஒன்று. முந்தாநாள் மிஞ்சி, பல் கூசுகிற அளவுக்குப் புளித்துப்போனது இன்னொன்று. எதை எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய சொம்பு நிறைய, உப்புக்கூடப் போடாமல் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் கீழே வைக்கவும் அவனால் முடியவில்லை.

"குடிப்பா," என்றேன். கடைசிச் சொட்டு இறங்கும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டு, சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.